பனியில் முதல் தடம்

1971ஆம் ஆண்டு ஜூன் 15. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள கிராண்ட் டீட்டன் மலையுச்சியில் பில் பிரிக்ஸ் என்பவர் சறுக்குப் பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு நின்றார். ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் ஏறியவர்கள் பலர். உச்சியிலிருந்து சறுக்கி இறங்கியதாக அதுவரை எவரும் சொன்னதில்லை. உடன்வந்த நண்பர்கள் உச்சிக்கு முன்பே நின்றுவிட்டிருந்தார்கள். பிரிக்ஸ் அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பிறவியிலேயே இடுப்பு மூட்டில் குறையுடையவர். 1961இல் அறுவை சிகிச்சை செய்து அந்த மூட்டை அசையாதபடி இணைத்திருந்தார்கள். அந்த உடம்போடு அவர் தனியே இறங்கினார். நடுவே சறுக்க வழியில்லாத ஒரு பாறைப் பகுதியைக் கயிற்றில் தொங்கிக் கடந்தார். ஊர் திரும்பிச் சொன்னபோது கேட்டவர்கள் நம்பத் தயங்கினார்கள். மறுநாள் உள்ளூர்ச் செய்தித்தாளின் பதிப்பாளர் சிறு விமானத்தில் மலையை ஒட்டிப் பறந்து நிழற்படம் எடுத்தார். உச்சிக்குக் கீழே வெண்பனியில் வளைந்து வளைந்து இறங்கும் ஒரு கோடு அதில் பதிந்திருந்தது. ஐயம் தீர்ந்தது.

இன்னும் ஓரிரு நாள் தாமதித்திருந்தால் வெயிலோ புதுப்பனியோ அந்தக் கோட்டை அழித்திருக்கும். ஒரு பாறைமுகத்தில் முதலில் ஏறியவர் எதையேனும் விட்டுவிட்டு வருகிறார்: அறைந்த ஆணி, மாட்டிய கயிறு, உச்சியில் அடுக்கிய கற்குவியல். பின்னால் வருபவர் அதைக் கண்டு தமக்கு முன்னவர் ஒருவர் இருந்ததை அறிந்துகொள்கிறார். சறுக்கி இறங்கியவர் விட்டுச்செல்வது பனியில் ஒரு கீற்று மட்டுமே. ஆகவே செங்குத்துப் பனிச்சறுக்கின் வரலாறு பெரும்பாலும் சொல்லின்மேல் நிற்கும் வரலாறு. 'நான் இறங்கினேன்' என்று ஒருவர் சொல்கிறார். மற்றவர்கள் ஏற்கிறார்கள் அல்லது மறுக்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது எவற்றையெல்லாம் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதே அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தச் சிறிய உலகம் தனக்குள் நடத்திவரும் விவாதம்.

*

சறுக்கு விடுதிகளில் தேர்ந்தவர்களுக்கென ஒதுக்கப்படும் சரிவுகள்கூட 40 பாகைச் சாய்வை எட்டுவது அரிது. நாம் பேசும் சரிவுகள் 45 பாகைக்குமேல் தொடங்கி 55 பாகை வரையிலும் போகின்றன. 50 பாகைச் சரிவில் குறுக்காக நிற்பவர் மலைப்பக்கக் கையைச் சற்று நீட்டினாலே பனியைத் தொட்டுவிடலாம். பல இடங்களில் பாதை என்பது இருபுறமும் பாறைச்சுவர் எழ, நடுவே மேலிருந்து கீழ்வரை பனி நிரம்பிய ஓர் இடுக்கு. அங்கே வழுக்கிக்கொண்டே திரும்ப இயலாது. இரு பலகைகளையும் பனியிலிருந்து பெயர்த்து, காற்றில் திசைமாற்றி, மறுபுறமாக ஊன்ற வேண்டும். ஊன்றும்போது பலகையின் விளிம்பு பனியைக் கவ்வியாக வேண்டும். கவ்வாவிட்டால் அடுத்த வாய்ப்பு இல்லை. 'விழுந்தால் மரணம்' என்பதே இவ்வகைச் சறுக்குக்கு அதில் ஈடுபட்டவர்கள் தந்த வரையறை. பிரான்சில் இன்று வழங்கும் தரவரிசை முறை சறுக்கின் கடினத்தை ஓர் எண்ணாலும், விழுந்தால் நேரக்கூடியதைத் தனியே இன்னோர் எண்ணாலும் குறிக்கிறது.

ஆல்ப்ஸில் இதற்கான முயற்சிகள் இரண்டு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலேயே தொடங்கிவிட்டன. 1950இல் அன்னபூர்ணா சென்ற பிரெஞ்சுக் குழுவில் இருந்த லியோனல் தெரே, 1953இல் அமெரிக்கரான பில் டன்அவேயுடன் மோன் பிளாங்கின் வடமுகத்தில் சறுக்கி இறங்கினார். ஆனால் இதைத் தனியொரு துறையாகவே ஆக்கியவர் சில்வேன் சோதான் என்ற ஸ்விஸ் மலை வழிகாட்டி. 1967 செப்டம்பர் 23 அன்று ஷாமனிக்கு மேலே பிளேத்தியேர் சிகரத்தின் ஸ்பென்சர் இடுக்கில் அவர் இறங்கினார். மறு ஆண்டு வெர்த் சிகரத்தின் விம்ப்பர் இடுக்கு, 1969இல் மோன்டே ரோசாவின் மரினெல்லி இடுக்கு, 1970இல் ஐகர் என வரிசை நீண்டது. இயலாததில் சறுக்குபவர் என்று பத்திரிகைகள் அவருக்குப் பட்டம் சூட்டின. 2024இல் தம் 87ஆம் வயதில் அவர் இறந்தபோதும் அந்தப் பட்டத்தோடுதான் செய்தி வந்தது.

சோதான் தம் இறக்கங்கள் சிலவற்றுக்கு ஹெலிகாப்டரில் உச்சிக்குப் போனார். அதை மறைத்தவரும் அல்லர். அவரைப் பொறுத்தவரை கலை என்பது இறங்குவதில் இருந்தது. உச்சியை எப்படி அடைந்தோம் என்பது போக்குவரத்துப் பிரச்சினை. இந்தப் பார்வைக்கு நேர் எதிர்முனையில் நின்றவர் தென் திரோலைச் சேர்ந்த ஹைனி ஹோல்ட்சர். புகைபோக்கிகளைத் துப்புரவு செய்வது அவருடைய தொழில். எந்த வழியில் இறங்கப் போகிறாரோ அதே வழியில் சொந்தக் காலால் ஏற வேண்டும் என்ற விதியை அவர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டார். ஏறும்போதே பனியின் இறுக்கத்தையும் மறைந்திருக்கும் பனிக்கட்டியையும் கால் அறிந்துகொள்கிறது என்பது அதன் நடைமுறைப் பயன். அதற்கு அப்பால் மலையோடு ஒரு நேர்மையான கணக்கு வைத்துக்கொள்வதாகவும் அவர் அதைக் கருதினார். நூறு அளவிலான செங்குத்து இறக்கங்களுக்குப் பின் 1977 ஜூலையில் பீட்ஸ் ரோசெக் மலையின் வடகிழக்கு முகத்தில் விழுந்து இறந்தார்.

ஹோல்ட்சரின் விதிக்கு ஒரு பாட்டனார் உண்டு. ஆஸ்திரியரான பால் ப்ரோய்ஸ் 1911இல், ஆணிகளும் கயிறும் மலையேற்றத்தைக் கெடுக்கின்றன என்று வாதிட்டுப் பெரும் சர்ச்சையைக் கிளப்பினார். எந்த இடத்தில் ஏறுகிறாயோ அந்த இடத்தில் துணைக்கருவியின்றி இறங்கவும் உன்னால் இயல வேண்டும். இயலாதென்றால் அது உனக்குரிய இடமன்று என்பது அவர் கட்சியின் சாரம். ஏற்றத்தை அளக்க இறக்கத்தைக் கோலாக வைத்தார் ப்ரோய்ஸ். இறக்கத்தை அளக்க ஏற்றத்தைக் கோலாக வைத்தார் ஹோல்ட்சர்.

இருவரில் யார் சரி என்ற கேள்விக்கு இன்றுவரை தீர்ப்பில்லை. ஆனால் நடைமுறையில் ஓர் உடன்பாடு மெல்ல உருவானது. ஹெலிகாப்டரில் போனவரின் இறக்கம் இறக்கமே அல்ல என்று எவரும் பட்டியலிலிருந்து அடிப்பதில்லை. ஹெலிகாப்டரில் போனார் என்பதை அதன் பக்கத்தில் எழுதிவைக்கிறார்கள். விதிகளை வகுக்கும் சங்கமோ நடுவரோ இல்லாத ஒரு துறை தன் ஒழுங்கைக் காத்துக்கொண்டது இந்த அடைமொழிகள் வழியாகத்தான்.

*

அடைமொழிகளின் கதையை முழுமையாகக் காண எவரெஸ்டுக்குப் போக வேண்டும். அந்த ஒரு மலையில் முதன்முதலில் சறுக்கி இறங்கியவர் யார் என்று கேட்டால் குறைந்தது அரை டஜன் பெயர்கள் வரும். அநேகமாக எல்லாமே ஏதோ ஒரு பொருளில் சரியானவை.

1970 மே 6 அன்று ஜப்பானியரான யூய்ச்சிரோ மியுரா, எவரெஸ்டுக்கும் லோட்சேக்கும் இடையிலுள்ள தெற்குக் கணவாயிலிருந்து, ஏறத்தாழ 8,000 மீட்டர் உயரத்தில், முதுகில் வான்குடையைக் கட்டிக்கொண்டு பாய்ந்தார். வேகத்தைக் குறைக்கும் என நம்பிய வான்குடை அந்த மெல்லிய காற்றில் போதிய அளவு உதவவில்லை. சிறிது தொலைவுக்குப் பின் நிலைதடுமாறி விழுந்து நூற்றுக்கணக்கான மீட்டர் உருண்டார். பனிப்பிளவின் வாயை எட்டுவதற்கு முன் உடல் நின்றது, உயிர் தப்பினார். அந்தப் பயணத்தைப் பற்றிய ஆவணப்படம் 1976இல் ஆஸ்கர் விருது பெற்றது. எவரெஸ்டைச் சறுக்கி இறங்கிய மனிதன் என்பது அதன் தலைப்பு. உச்சிக்கு 800 மீட்டருக்கும் மேல் கீழே தொடங்கி விழுந்து முடிந்த ஒரு பாய்ச்சலுக்கு அந்தத் தலைப்புப் பொருந்துமா? மியுராவின் துணிவை யாரும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 'எவரெஸ்ட்' என்ற சொல் அங்கே செய்திருப்பதைவிட அதிகமாகக் கூலி வாங்குகிறது.

22 ஆண்டுகள் கழித்து, 1992 செப்டம்பரில், பிரெஞ்சுக்காரரான பியேர் தார்திவெல் சுமார் 8,750 மீட்டர் உயரத்திலுள்ள தெற்கு உச்சியிலிருந்து இறங்கினார். தலைமை உச்சியிலிருந்து அல்ல, தெற்கு உச்சியிலிருந்து என்றே பதிவேடுகள் குறிக்கின்றன. 1996இல் ஹான்ஸ் காமர்லாண்டர் ஆக்ஸிஜன் உருளையின்றி வடபுறமாக ஏறி, உச்சியிலிருந்து சறுக்கத் தொடங்கினார். பனி இல்லாத இடங்களில் பலகைகளைக் கழற்றிவிட்டு நடந்தார். அவர் இறக்கத்தை முழுமையான இறக்கம் என்று எவரும் எழுதுவதில்லை; ஆக்ஸிஜன் இல்லாத ஏற்றம் என்பதை எழுத மறப்பதும் இல்லை. 2000 அக்டோபர் 7 அன்று ஸ்லோவேனியரான தாவோ கர்னிச்சார் உச்சியிலிருந்து அடிவார முகாம் வரை பலகைகளைக் கழற்றாமல் ஐந்து மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தார். வழியில் பொருத்திய கேமராக்கள் அந்த இறக்கத்தை இணையத்தில் காட்டின. 'முழுமையான' என்ற அடைமொழி அவருக்கு உரியதாயிற்று. ஆனால் ஏறும்போது அவர் ஆக்ஸிஜன் பயன்படுத்தியிருந்தார். ஆகவே இன்னோர் அடைமொழி மிச்சமிருந்தது. போலந்தின் ஆண்ட்ரே பார்கியெல் 2025 செப்டம்பரில் ஆக்ஸிஜன் உருளையின்றி ஏறி உச்சியிலிருந்து அடிவாரம் வரை சறுக்கியபோது அதுவும் நிரம்பியது. அடுத்த மாதமே அமெரிக்கரான ஜிம் மாரிசன் வடமுகத்தின் ஹார்ன்பைன் இடுக்கு வழியே இறங்கினார். நடுவே பாறை வெளிப்பட்டிருந்த பகுதியைக் கயிற்றில் இறங்கிக் கடந்ததையும் சேர்த்தே செய்தி வெளியாயிற்று.

இந்தப் பட்டியலைப் பார்த்து நகைக்கத் தோன்றலாம். அடைமொழிகளைக் கூட்டிக்கொண்டே போனால் யார் வேண்டுமானாலும் எதிலாவது முதல்வராகிவிடலாமே என்று கேட்கலாம். அந்த ஆபத்து உண்மையானதுதான். ஆனால் அடைமொழியை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். முதலிடம் பிடிப்பதற்காகக் களத்தைச் சுருக்கிக்கொள்வது ஒன்று. செய்யாததைச் செய்ததாக எண்ணிவிடக் கூடாதே என்று சொல்லைச் சுருக்கிக்கொள்வது மற்றொன்று. எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். முன்னது சொல்பவரைப் பெரிதாக்குகிறது. பின்னது அடுத்து வருபவருக்கு இடம் விடுகிறது.

*

2001 மே மாதத்தில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அடுத்தடுத்து இருவர் எவரெஸ்டின் வடபுறத்தில் பனிப்பலகையில் இறங்கினார்கள். இரு காலையும் ஒரே பலகையில் பூட்டிச் சறுக்கும் முறை அது. முந்தியவர் ஆஸ்திரியரான ஷ்டெஃபான் காட். ஆக்ஸிஜனும் ஷெர்பாக்களின் துணையும் இல்லாமல், தம் பலகையைத் தாமே சுமந்து ஏறியவர். இறங்கும்போது ஒரு பகுதியில் பலகையைக் கழற்றிக் காலால் இறங்கினார். பிந்தியவர் ஷாமனியைச் சேர்ந்த மார்கோ சிஃப்ரெடி. வயது 22. ஆக்ஸிஜனோடும் ஷெர்பாக்களோடும் ஏறினார். ஆனால் நார்ட்டன் இடுக்கு வழியாகத் தொடர்ச்சியாகப் பலகையிலேயே இறங்கினார். கடுங்குளிரில் அவருடைய பலகையின் காற்பூட்டு முறிந்தபோது உடனிருந்த ஷெர்பா கம்பியால் கட்டிச் சரிசெய்து கொடுத்தார்.

யார் முதல்வர்? நாள்காட்டி ஒருவரைக் காட்டுகிறது, கோடு மற்றவரைக் காட்டுகிறது. ஏற்றத்தின் தூய்மையை வைத்தால் காட், இறக்கத்தின் முழுமையை வைத்தால் சிஃப்ரெடி. சோதானும் ஹோல்ட்சரும் விட்டுச்சென்ற வாதம் முப்பது ஆண்டுகளுக்குப் பின் உலகின் உச்சியில் இரண்டு மனித உருவங்களாகவே வந்து நின்றது எனலாம். பெரும்பாலான குறிப்புகள் இன்று இருவர் பெயரையும், அவரவர் செய்தது செய்யாதது இரண்டையும், அருகருகே தருகின்றன. இதைவிட நியாயமான தீர்ப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. சிஃப்ரெடி அடுத்த ஆண்டே, 2002 செப்டம்பரில், ஹார்ன்பைன் இடுக்கில் இறங்க மீண்டும் எவரெஸ்ட் சென்றார். உச்சியிலிருந்து புறப்பட்டவர் திரும்பவில்லை; உடலும் கிடைக்கவில்லை.

*

உரிமை கோருவதில் நேர்மை ஏன் இவ்வளவு முக்கியம்? பதக்கமில்லாத ஒரு விளையாட்டில் சில பத்து மீட்டர் கூடக்குறையச் சொன்னால் யாருக்கு என்ன இழப்பு?

முதல் இழப்பு முன்னோடிகளுக்கு. 1981இல் ஆஸ்திரியர்களான யோசெஃப் மில்லிங்கரும் பீட்டர் வோர்கோட்டரும் 8,163 மீட்டர் உயரமுள்ள மனாஸ்லுவில் உச்சிக்குச் சற்றுக் கீழிருந்து சறுக்கி இறங்கினார்கள். தொடங்கிய இடம் உச்சியல்ல என்பது பதிவில் இருந்தது. அதனால்தான் மறு ஆண்டு கஷெர்ப்ரம் ஒன்றின் உச்சியிலிருந்து அடிவாரம்வரை இறங்கிய சோதானுக்கு, எட்டாயிரம் மீட்டர் மலையொன்றை உச்சியிலிருந்தே சறுக்கிய முதல்வர் என்ற இடம் கிடைத்தது. அந்தச் சில மீட்டர்களை விழுங்கியிருந்தால் அந்த இடம் இன்னொருவருக்குப் போயிருக்கும்; உலகம் அறிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

இரண்டாவது இழப்பு பின்னால் வருபவர்களுக்கு. இது உயிர் சம்பந்தப்பட்டது. ஒரு சரிவு ஏற்கெனவே இறங்கப்பட்டது என்ற செய்தியை அடுத்து வருபவர் ஒரு வழிகாட்டுக் குறிப்பாகவே வாசிக்கிறார். நடுவில் கயிற்றில் இறங்கியதை முன்னவர் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பின்னவர் கயிறில்லாத பையோடு அந்தப் பாறை விளிம்பில் வந்து நிற்பார். வெயில் ஏறிவிட்டது, மேலே பனி இளகத் தொடங்கிவிட்டது, வந்த வழியே திரும்பி ஏற நேரமில்லை. பிரிக்ஸ் 1971இல் தாம் கயிறு பயன்படுத்திய இடத்தைச் சொன்னதால் அவர் புகழ் குறையவில்லை. அவருக்குப் பின் அந்த மலையில் சறுக்கப் போனவர்கள் கயிற்றோடு போனார்கள். பனியின் நிலையும் அப்படியே. வசந்தகாலத்தில் இரவில் இறுகிக் காலையில் மேற்பரப்பு மட்டும் இளகிய பனியில் 50 பாகை என்பது ஒன்று. பனிக்கட்டி மின்னும் அதே 50 பாகை முற்றிலும் வேறொன்று. நாளும் பொழுதும் பனியின் தன்மையும் சொல்லப்படாத உரிமைகோரல் பாதி உண்மைதான்.

K2 இதற்குத் துயரமான சான்று. அங்கே சறுக்கி இறங்கும் நோக்கத்தோடு போன இத்தாலியர் மிக்கேலே ஃபாயிட் 2009இலும், அவருடைய தோழரான ஸ்வீடன் நாட்டு ஃபிரெட்ரிக் எரிக்சன் 2010இலும் விழுந்து இறந்தார்கள். 2018 ஜூலை 22 அன்று பார்கியெல் உச்சியிலிருந்து அடிவாரம்வரை இறங்கியபோது அவருடைய சகோதரர் இயக்கிய டிரோன் இறக்கத்தைப் படமெடுத்தது. ஐயத்துக்கு இடமில்லாத சான்று அது. ஆயினும் கருவி காட்டுவது கோட்டைத்தான். கயிற்றைக் கட்டியவர் யார், கூடாரத்தைச் சுமந்தவர் யார், முந்திய ஆண்டுகளில் தோற்றவர்கள் கொண்டுவந்து சேர்த்த அறிவு எவ்வளவு என்பவற்றை எந்தக் கேமராவும் தானாகச் சொல்லாது. அவற்றை இன்றும் மனிதர்தான் வாய்திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

*

மூன்றாவதாக ஓர் இழப்பு உண்டு. அதை விவாதங்கள் நீண்டகாலம் பேசவேயில்லை. மியுராவின் 1970 பயணத்தில், அவர் பாய்வதற்கு ஒரு மாதம் முன்பு, கும்பு பனியாற்றின் உடைசரிவில் பனிப்பாளங்கள் சரிந்து ஆறு ஷெர்பாக்கள் இறந்தார்கள். மேலே ஒரு மனிதர் சறுக்குவதற்குத் தேவையான பொருள்களை ஏற்றிச்சென்ற பாதையில் அது நடந்தது. ஆவணப்படம் அந்த மரணங்களை மறைக்கவில்லை. திரையில் அவை இருக்கின்றன. ஆனால் சாதனைப் பட்டியலின் ஒற்றை வரியில் அவை இல்லை. ஆக்ஸிஜன் உண்டா இல்லையா, பலகை கழன்றதா இல்லையா என்று அவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கும் துறை, அந்த வரியில் ஆறு உயிர்களுக்கு ஓர் அடைமொழியைக் கண்டுபிடிக்கவில்லை. இன்றும் எவரெஸ்டின் நேபாளப் பக்கத்தில் எவர் சறுக்க விரும்பினாலும் மேலே போவதற்கு, ஒவ்வொரு பருவமும் ஷெர்பாக்கள் அந்த உடைசரிவில் ஏணிகளும் கயிறுகளும் பொருத்தியாக வேண்டும். 'தன்னந்தனியே' என்ற சொல்லை எழுதும்போது கை சற்றுத் தயங்க வேண்டும்.

எழுதப்படாத முன்னவர்களும் இருக்கக்கூடும். மலையடிவாரக் கிராமங்களில் சொந்த மகிழ்ச்சிக்காகச் சறுக்கிவிட்டு யாரிடமும் சொல்லாமல் வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேடும் அறியாது. அதனால்தான் கவனமான தொகுப்பாளர்கள் 'முதல் இறக்கம்' என்று எழுதாமல் 'அறியப்பட்டவற்றுள் முதல் இறக்கம்' என்று எழுதுகிறார்கள். அடக்கத்துக்காகச் சேர்த்த சொல் என்று அதைக் கடந்துபோய்விடலாம்; உண்மையில் வரலாறு எழுதும் எவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டிய எச்சரிக்கை அது.

இன்று ஆல்ப்ஸில் இந்தக் கேள்வி இன்னொரு வடிவம் எடுத்திருக்கிறது. பனியாறுகள் சுருங்கி, முன்பு கோடையிலும் பனி போர்த்தியிருந்த முகங்கள் பல வெறும் பாறையாகி வருகின்றன. சோதான் செப்டம்பர் மாதத்தில் ஸ்பென்சர் இடுக்கில் இறங்கினார் என்பதை இன்றைய ஷாமனிக்காரர் வியப்போடுதான் வாசிப்பார். சில சரிவுகள் ஆண்டில் சில நாள்கள் மட்டுமே சறுக்கத் தக்கவையாக இருக்கின்றன; சில இனி அந்த நிலைக்கு வராமலே போகலாம். அப்படிப்பட்ட ஒரு சரிவில் இறங்கியவர் சொன்னதைச் சரிபார்க்க, அதே வழியில் இறங்கிப் பார்ப்பவர் இனி இருக்கப்போவதில்லை. தடமும் போய், தடம் பதிந்த பனியும் போனபின் மிஞ்சுவது அவர் எழுதிவைத்த குறிப்பு ஒன்றே. எங்கே தொடங்கினார், எங்கே கயிற்றைப் பிடித்தார், யார் சுமந்தார்கள் என்பவை அதில் இருக்குமானால் அந்த மலையும் ஓரளவுக்கு அதில் இருக்கும்.